ஞாயிறு காலை கடலுக்கடியில், மதியம் விமானத்தில்: அந்தமான் 'சுவர்' டைவில் இடிப்பது எது?

போன வாரம் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்தது. தி.நகரில் இருக்கும் ஒரு டிராவல் ஏஜென்ட் அனுப்பியது. 'ஒரே ஒரு நாள் லீவ் போதும், அந்தமான்ல ஸ்கூபா பண்ணிட்டு வந்துடலாம்' என்று தலைப்பு. வெள்ளி அதிகாலை சென்னையில் விமானம், மதியம் கப்பல் பிடித்து சுவராஜ் தீவு. (பழைய பேர் ஹேவ்லாக், 2018 டிசம்பரில் மாற்றினார்கள்.) சனிக்கிழமை இரண்டு டைவ். ஞாயிறு காலை 7 மணிக்கு இன்னொன்று, அதுக்குப் பக்கத்தில் 'போனஸ்' என்று ஒரு ஸ்டிக்கர். அது முடிந்ததும் கப்பல், 3 மணிக்கு விமானம், சாயங்காலம் வீடு. திங்கள் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் நீங்கள் ஆஜர்.

விலை நியாயமாகத்தான் இருந்தது. படமும் அருமை. பவளமும் கடல் விசிறியும் படர்ந்த ஒரு செங்குத்துப் பாறை, அதன் பக்கத்தில் அந்தரத்தில் மிதக்கும் ஒருத்தர், அவருக்குக் கீழே வெறும் நீலம். யாருக்குத்தான் போகத் தோன்றாது?

போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த 'போனஸ்' டைவை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

சுவர் டைவ்னா என்ன?

கடலுக்கடியில் தரை சாதாரணமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆழமாகும், நம்ம பெசன்ட் நகர் கடற்கரை மாதிரி. சில இடங்களில் மட்டும் பாறையோ பவளத்திட்டோ ஒரு விளிம்பில் சட்டென்று முடிந்து, நேராகக் கீழே இறங்கிவிடும். டைவர்கள் அதைத்தான் 'வால்' என்கிறார்கள். சுவராஜ் தீவின் கப்பல் துறைக்குப் பக்கத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறது. அதன் பெயரே 'தி வால்'. மேல் விளிம்பு சுமார் 10 மீட்டர் ஆழத்தில் தொடங்கும். அடி 50 மீட்டரைத் தாண்டும்.

50 மீட்டர் எவ்வளவு என்று மனசில் வர, அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் 177 அடி, அதாவது சுமார் 54 மீட்டர். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் சுமார் 37 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கில் யாரும் தாண்டக் கூடாத எல்லை 40 மீட்டர்; கிட்டத்தட்ட கோபுரத்தின் உயரம்தான். முதல் சான்றிதழான 'ஓப்பன் வாட்டர்' வைத்திருப்பவருக்கு 18 மீட்டர் வரை, அதாவது பாதிக் கோபுரம். அடுத்த படியான 'அட்வான்ஸ்டு' முடித்தால் 30. சான்றிதழே இல்லாமல், இன்ஸ்ட்ரக்டர் பிடித்துக் கூட்டிப்போகும் 'ட்ரை டைவ்' என்றால் 12 மீட்டரோடு சரி. கணக்கு இங்கேயே புரிந்திருக்கும். சுவரின் தலையே 10 மீட்டரில் இருக்கிறது. முதல் முறை தண்ணீருக்குள் தலையை விடுபவருக்கு அது இடம் அல்ல, ரீலில் எப்படித் தெரிந்தாலும்.

சரி, அங்கே என்னதான் இருக்கிறது? கோபுரத்தைத் தட்டுத் தட்டாக, பொம்மை பொம்மையாக நின்று பார்ப்போமே, அந்த மாதிரி. மேல் பகுதியில் வெயில் படுவதால் கெட்டிப் பவளங்கள் இருக்கும். அவற்றின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைத்துக் கொடுப்பதைத்தான் பவளம் பெரும்பாலும் சாப்பிடுகிறது. கீழே போகப் போக வெளிச்சம் குறையும், குடியிருப்பவர்களும் மாறுவார்கள். மென்பவளம், பஞ்சுயிர், விசிறி மாதிரி விரிந்து நிற்கும் கடல் விசிறி. இவற்றில் பல, நீரோட்டம் கொண்டு வருவதை வடிகட்டித் தின்பவை. லூப் ரோட்டில் கிலோ விலை கேட்டு வாங்கிய பாரை, இங்கே நூறு நூறாக ஒரே நேரத்தில் திரும்பும். பொந்துக்குள் கலவா ஒன்று வாயைத் திறந்து மூடியபடி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடும் என்பதால் 20 மீட்டரில் சங்கரா மீன்கூட சாம்பலாகத்தான் தெரியும். டார்ச் அடித்தால் மறுபடி சிவக்கும். பார்த்தவர்கள் திரும்பத் திரும்பப் போவதில் ஆச்சரியமே இல்லை.

தரை இல்லை என்பதுதான் விஷயம்

மணல் தரையில் டைவ் செய்யும்போது ஒரு வசதி உண்டு. கவனம் தப்பினாலும் தரையில் போய் நிற்பீர்கள். தரை 14 மீட்டரில் என்றால் உங்கள் தப்பும் 14 மீட்டரோடு முடிந்துவிடும். சுவரில் அந்தத் தடை இல்லை. மீட்டரைப் பார்க்காமல் ஒரு மீன் பின்னாடி போனால், 18 எப்போது 28 ஆனது என்றே தெரியாது. தண்ணீர் தெளிவாக இருந்தால் இன்னும் மோசம். மேலே வெளிச்சம் நன்றாகத் தெரிவதால் ஆழமே உறைக்காது.

அதோடு, இறங்க இறங்க இறக்கம் வேகமாகும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. உங்கள் ஜாக்கெட்டில் இருக்கும் காற்றும், வெட்சூட்டின் நுண்குமிழிகளும் சுருங்கும். மிதப்பு குறையும், இன்னும் கீழே போவீர்கள், இன்னும் சுருங்கும். அதனால்தான் இன்ஸ்ட்ரக்டர்கள் மிதப்புக் கட்டுப்பாடு, மிதப்புக் கட்டுப்பாடு என்று உயிரை எடுக்கிறார்கள்.

காற்றுக் கணக்கும் அப்படித்தான். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் சுமார் 2,200 லிட்டர் காற்று. 50 பார் கையிருப்பு போக மீதி 1,650. நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு இது நீர்ப்பரப்பில் 80 நிமிடத்துக்கு மேல் வரும். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே 41 நிமிடம். 30 மீட்டரில் நான்கு மடங்கு, வெறும் 20 நிமிடம். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அதுவும் இல்லை. அந்த ஆழத்தில் நைட்ரஜன் மூளையில் லேசாக ஒரு போதையையும் ஏற்றும். மேலே ஒழுங்காக முடிவெடுப்பவர்கூட அங்கே கேஜை வெறித்துப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்.

சுவரில் மோதும் நீரோட்டம் சில நேரம் மேலேயோ கீழேயோ திரும்பும். கடல் விசிறிக்கு அது சாப்பாடு, உங்களுக்குத் தலைவலி. எந்த நேரத்தில், அலை ஏற்றமா இறக்கமா பார்த்து இறங்குவது என்பது உள்ளூர் டைவ் மாஸ்டருக்குத்தான் தெரியும். அவர் 'இன்னைக்கு வேணாம்' என்றால் வேண்டாம். காசு கட்டியாச்சு என்ற வாதம் கடலிடம் எடுபடாது.

கோலி சோடாவும் 3 மணி ஃபிளைட்டும்

இப்போது 'போனஸ்' டைவுக்கு வருவோம். மேலே சொன்ன ஆபத்துகளை வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். நல்ல டைவ் சென்டர்கள் கண்டிப்பாகவும் இருக்கும். ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகு நடப்பதற்குக் கூடவே யாரும் வருவதில்லை. அங்கேதான் நம்ம லீவ் கணக்கு விளையாடுகிறது.

அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. ஆழமும் நேரமும் கூடக் கூட, கரைவதும் கூடும். கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே ஒரு குமிழிகூடக் கிடையாது. அழுத்திய நொடியில் பொங்கும். நம் உடம்பு அப்படிப் பொங்காமல் இருக்கத்தான் மெதுவாக மேலே வருகிறோம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று. பரவலாகப் பயன்படும் ஒரு பட்டியலின்படி 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம், 40 மீட்டரில் 9 நிமிடம்தான் இருக்கலாம். அதற்குள் திரும்பினால் நேராக மேலே வரலாம்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும், மேலே வந்ததும் நைட்ரஜன் மொத்தமும் போய்விடுவதில்லை. அடுத்த பல மணி நேரத்துக்கு மூச்சு வழியாக மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். கடல் மட்டத்தில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. விமானத்தில் ஏறினால்? கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போலத்தான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அதாவது ஃபிளைட் ஏறுவதும், அரை மணி நேரத்தில் கொடைக்கானல் போய் நிற்பதும் உடம்புக்கு ஒன்றுதான். குண்டு இன்னொரு தடவை அழுத்தப்படுகிறது.

டைவர்களின் பாதுகாப்புக்காக இயங்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை இதுதான்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. கட்டாய நிறுத்தங்களோடு மேலே வர வேண்டிய டைவ் என்றால் அதைவிடவும் கணிசமாகக் கூடுதல். வாட்ஸ்அப் பேக்கேஜில் ஞாயிறு காலை சுமார் 8 மணிக்கு மேலே வருகிறீர்கள். 3 மணிக்கு விமானம். 7 மணி நேரம். அதுவும் மூன்றாவது டைவுக்குப் பிறகு.

எல்லாருக்கும் ஏதாவது ஆகிவிடுமா? இல்லை. பலருக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் இந்தப் பழக்கம் ஓடிக்கொண்டிருக்கக் காரணம். 'போன தடவை நான் போனேனே, ஒன்னும் ஆகலையே' என்பார்கள். ஆனால் ஆகிவிட்டால் அது மூட்டு வலியோடு நிற்காமல் போகலாம். கை கால் மரத்துப்போவது, தோலில் தடிப்பு, தலைசுற்றல், சிறுநீர் போக முடியாமை, தண்டுவடம் பாதித்தால் காலே வராமல் போவது வரை உண்டு. அறிகுறிகள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். சோதனை என்னவென்றால், பலர் அதை 'பேக் தூக்கினதுல வலி', 'தூக்கம் இல்ல' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அடையாறு வீட்டில் படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்கும் டாக்டருக்கு, அவர் நேற்று கடலுக்கடியில் இருந்தார் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? டைவ் முடிந்த ஓரிரு நாளில் உடம்பு ஏதாவது செய்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும். முதலுதவி சுத்தமான ஆக்சிஜன். பிறகு ரீகம்ப்ரஷன் சேம்பர் என்ற அழுத்த அறையில் சிகிச்சை. அந்தமானில் அது கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது, முன்பு போர்ட் பிளேர் என்றிருந்த ஸ்ரீ விஜயபுரத்தில். 'மறுபடி தண்ணிக்குள்ள இறங்கினா சரியாயிடும்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இந்தக் கணக்கு விமானத்துக்கு மட்டுமல்ல. 600 மீட்டருக்கு மேல் ஏறினாலே பொருந்தும். புதுச்சேரியில் ஞாயிறு டைவ் செய்துவிட்டு ஈ.சி.ஆரில் சென்னை திரும்பினால் கவலையே இல்லை, வழி முழுக்கக் கடல் மட்டம். அதே நண்பர் அன்று மாலையே காரில் பெங்களூரு திரும்பினால்? அந்த ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரோடுதானே என்று நினைப்போம், நைட்ரஜனுக்கு அது தெரியாது.

நம்ம ஊரில் சுவரே கிடையாதா?

மெரினாவிலிருந்து கோவளம் வரை தேடினாலும் பவளச் சுவர் கிடைக்காது. மணல் தரை, ஆற்று முகத்துவாரங்கள், கரையை ஒட்டி வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும் மணல். துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்துதான் மெரினாவே இவ்வளவு அகலமானது. இங்கே டைவ் உண்டு, பாறைத் திட்டுகள் உண்டு, மீனும் உண்டு. கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி நிஜப் பவளம் இருக்கிறது, 1986இல் தேசியப் பூங்கா ஆன பகுதி, ஆனால் அது ஆழம் குறைந்தது. செங்குத்துச் சுவர் வேண்டும் என்றால் அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு என்று கடல் தாண்டத்தான் வேண்டும்.

தமிழர்களுக்கு மனசுக்கு நெருக்கமான ஒரு கடல் சுவர் இருப்பது திருகோணமலையில். கோணேஸ்வரம் கோயில் நிற்கும் சுவாமி மலையின் பாறை, அப்படியே கடலுக்குள் இறங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அந்தக் கோயிலை இடித்து உருட்டிவிட்டார்கள். 1956இல் அந்தப் பாறைக்கடியில் டைவ் செய்த மைக் வில்சனும், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் கடலடியில் தூண்களையும் கோயிலின் சிதைவுகளையும் பார்த்தார்கள். வில்சன் பிற்காலத்தில் சாமியாராகி, சுவாமி சிவ கல்கி என்று பெயர் வைத்துக்கொண்டது தனிக்கதை.

ஆழத்துக்குப் போவதும் நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961 வரை நடந்தது. காலில் கல், இடுப்பில் கயிறு, ஒரு மூச்சு. மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தங்கையின் தாலி அவர் கையில் இருக்கிறது அல்லவா! அந்த ஏற்பாட்டில் ஒரு தெளிவு இருந்தது. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவர் பத்திரமாக வர வேண்டிய தேவை இருந்தது. பேக்கேஜ் விற்பவர் உங்கள் மச்சான் இல்லை. ஞாயிறு மாலை சென்னையில் நீங்கள் இறங்கும்போது அவர் வேலை முடிந்தது.

யார் கேட்பது?

மத்திய சுற்றுலா அமைச்சகம் ஆதரித்து, 2018இல் வெளியான இந்திய சாகசச் சுற்றுலா வழிகாட்டுதல்களில் ஸ்கூபாவுக்கும் இடம் உண்டு. ஆனால் வழிகாட்டுதல் என்பது வழிகாட்டுதல்தான். தீவில் இருக்கும் டைவ் சென்டர் உங்களைக் கேள்வி கேட்கும், மருத்துவப் படிவம் நிரப்பச் சொல்லும், ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உண்டா என்று விசாரிக்கும். சென்னையில் உட்கார்ந்து விமானம், கப்பல், ஹோட்டல், டைவ் நான்கையும் ஒரே பிடிஎஃப்பில் கட்டித் தருபவரை யார் கேட்பது? பல நேரம் டைவ் சென்டருக்கு உங்கள் விமான நேரமே தெரியாது. கேட்டாலும் 'சாயங்காலம் சார்' என்று சொல்லித் தப்பிக்கிற ஆளும் நாம்தான்.

இதைச் சரிசெய்யப் பெரிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஸ்கூபா சேர்த்து விற்கும் எந்தப் பயணத் திட்டத்திலும் கடைசி டைவ் முடியும் நேரம், விமானம் கிளம்பும் நேரம், நடுவில் எத்தனை மணி என்ற மூன்றும் ஒரே வரியில் அச்சாக வேண்டும். 18க்குக் கீழே இருந்தால் அதை விற்கக் கூடாது. தமிழக, அந்தமான் சுற்றுலாத் துறைகள் நினைத்தால் இதை ஒரு சுற்றறிக்கையில் முடிக்கலாம். நிறுவனங்களும் கொஞ்சம் யோசிக்கலாம். டீம் அவுட்டிங் என்று இருபது பேரைக் கூட்டிப்போய், கடைசி நாள் காலையில் டைவ் வைக்கும் எச்.ஆர். துறைகள் இருக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. ஆசை நிஜமாகவே சுவர் என்றால், கோர்ஸைச் சென்னையிலேயே தொடங்கலாம். தியரியை மொபைலில் படித்துவிடலாம், நீச்சல் குளப் பயிற்சியை ஒரு வார இறுதியில் முடிக்கலாம். 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 'நீச்சலே தெரிய வேண்டாம்' என்ற விளம்பரம் ட்ரை டைவுக்கு மட்டும்தான். நான்கு கடல் டைவ் முடித்தால் சான்றிதழ். அதற்குப் பிறகு 18 மீட்டர் வரை சுவரின் மேல் பகுதியைப் பார்க்கலாம். சுவரில் பார்க்க வேண்டியதில் பெரும்பங்கு அங்கேயே இருக்கிறது என்பது ஆழத்தைப் பற்றிப் பெருமை பேசுபவர்கள் சொல்லாத விஷயம். பவளத்தைத் தொடாதீர்கள், உடைந்த துண்டுதானே என்று பையில் போடாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இருப்பது அது. 2010லும் 2016லும் கடல் சூடேறி வெளுத்த பவளத்துக்கு நம் துடுப்பு உதையும் சேர வேண்டாம். பயணக் காப்பீட்டில் ஸ்கூபா உண்டா, எத்தனை மீட்டர் வரை என்றும் படித்துவிடுங்கள்.

அந்த வாட்ஸ்அப் பேக்கேஜையே கொஞ்சம் மாற்றினால் போதும். சனிக்கிழமை இரண்டாவது டைவை மதியம் 12 மணிக்குள் முடித்துவிட்டால், ஞாயிறு காலை 6 மணிக்கு 18 மணி நேரம் ஆகிவிடும். 3 மணி விமானத்தைத் தாராளமாகப் பிடிக்கலாம், கூடுதல் லீவ் ஒன்றும் வேண்டாம். ஞாயிறு காலையில் கப்பல் பிடித்து ஸ்ரீ விஜயபுரம் வந்து, கையில் இருக்கும் நேரத்தில் ஒரு நல்ல மீன் சாப்பாடு சாப்பிடலாம். தமிழில் பேசியே ஆர்டர் பண்ணலாம், அங்கே நம்மவர்கள் நிறைய. இல்லை, ஞாயிறு டைவும் வேண்டும் என்கிறீர்களா? அப்போ திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவ் போடுங்க.